துளிர்த்த குச்சி ஏன் காய்கிறது? குச்சி, பதியன், ஒட்டு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வீட்டுத் தோட்டத்திலும் சின்ன நாற்றங்காலிலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் இவை. உங்கள் செடியில் தெரிகிற அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ, நேராக அங்கே போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், கைக்காசு போகும் காரணம் கடைசியில். முதல் காரணத்தைச் சோதித்து, அது இல்லை என்று தெரிந்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். எடுத்த எடுப்பில் மருந்துக்கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு பிளாஸ்டிக் கவரும் கொஞ்சம் பொறுமையும்தான்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இந்தச் சோதனைகள்:

நகச் சோதனை. குச்சியின் நுனிப்பக்கம் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, தூளாக உதிர்ந்தால் இரண்டு விரற்கடை கீழே இறங்கி மறுபடி சுரண்டுங்கள். பச்சை எங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இழுவைச் சோதனை. நட்டு மூன்று வாரம் ஆன பிறகு, இரண்டு விரலால் பிடித்து மிக மெல்ல மேலே இழுங்கள். மண் பிடித்து இழுப்பது போல் தெரிந்தால் வேர் உண்டு. வழுக்கிக்கொண்டு வந்தால் இல்லை. வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். தினமும் பிடுங்கிப் பார்க்கிற கைதான் பல குச்சிகளுக்கு எமன்.

மோப்பம். பையின் அடித்துளையை மூக்கருகே கொண்டுபோங்கள். மண்வாசனை வந்தால் நல்லது. புளித்த வாடையோ சாக்கடை வாடையோ அடித்தால் நேராக 2-ஆம் அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி 1: துளிர் விட்டது, இரண்டு மூன்று வாரத்தில் வாடிக் கருகியது

அதிகம் பேரை ஏமாற்றும் அறிகுறி இதுதான். செம்பருத்தி, ரோஜா, காகிதப்பூ, முருங்கைப் போத்து (நடுவதற்கு வெட்டிய தடித்த கிளை) எல்லாவற்றிலும் வரும். குச்சியில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தையும் நீரையும் வைத்தே மொட்டு விரிந்துவிடும். அதற்கு வேர் தேவையில்லை. விரிந்த இலை நீரை வெளியே விடத் தொடங்கும். கீழே உறிஞ்ச ஆள் இல்லை. கையிருப்பு தீர்ந்ததும் கருகும். ஆகவே துளிரைப் பார்த்துவிட்டு வெயிலுக்கு நகர்த்துவதோ, உரம் போடுவதோ, பெரிய தொட்டிக்கு மாற்றுவதோ கூடாது.

இலை ஏற்கெனவே கருகிவிட்டதா? நகச் சோதனை செய்யுங்கள். தண்டு பச்சை என்றால் கருகிய துளிரைக் கிள்ளிவிட்டு, கீழே சொல்லும் வரிசையில் சரிசெய்யுங்கள். அடுத்த கணுவிலிருந்து இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். தண்டு அடிவரை பழுப்பென்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக்குச்சி வெட்டுங்கள்.

காரணம் அ: சுற்றுக்காற்று வறட்சி. நட்ட குச்சிக்கு மண்ணில் இருக்கும் ஈரத்தைவிடக் காற்றில் இருக்கும் ஈரம் முக்கியம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்து, இலையில் படாதபடி இரண்டு ஈர்க்குச்சியால் தாங்கி நிறுத்துங்கள். அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலும் போதும். கவரின் உட்பக்கம் காலையில் பனிபோல் நீர் கோத்திருந்தால் சரியாக இருக்கிறது. சொட்டுச் சொட்டாக வடிந்தால் ஒரு மூலையைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். கவர் போட்ட தொட்டியில் நேர்வெயில் பட்டால் ஒரே மதியத்தில் உள்ளே வெந்துவிடும். மரநிழலோ 50 விழுக்காடு நிழல்வலையோ கட்டாயம்.

காரணம் ஆ: இலை அதிகம். நடும்போதே நுனியில் இரண்டு இலை மட்டும் விட வேண்டும். செம்பருத்தி போல் அகன்ற இலையானால் அதையும் குறுக்கே பாதியாக வெட்டிவிடுங்கள். பூமொட்டு தெரிந்தால் இரக்கமின்றிக் கிள்ளுங்கள். ஒரு பூவுக்குப் போகும் சத்து வேருக்குப் போகட்டும்.

காரணம் இ: குச்சி ஆடுகிறது. புதிதாக முளைக்கும் வேர் நூலைவிட மெல்லியது. மாடிக் காற்றில் குச்சி அசைந்தாலே அறுந்துவிடும். நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் இருக்கிறதா, சுற்றி மண்ணை அழுத்தியிருக்கிறதா என்று பாருங்கள். முருங்கைப் போத்துக்கு இன்னும் ஆழம் வேண்டும். மூன்று நான்கு அடி நீளப் போத்தில் ஒன்றரை அடி குழிக்குள் இறங்கி, மண் மிதித்துக் கெட்டிப்பட வேண்டும். அதற்கும் ஒரு கம்பு நட்டுக் கட்டிவிடுவது நல்லது.

காரணம் ஈ: தவறான தண்டு. நுனியின் இளம்பச்சைத் தண்டு சட்டென்று வாடும். அடிமரம் முற்றிப்போய் வேர்விட மறுக்கும். பெரும்பாலான பூச்செடிகளுக்கு இந்த ஆண்டு வளர்ந்த, பென்சில் கனமான, பச்சையும் பழுப்பும் கலந்த நடுத்தண்டுதான் சரி. 15 முதல் 20 செ.மீ. நீளம், மூன்று நான்கு கணு. அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக, மேல்வெட்டு கணுவுக்கு ஒரு செ.மீ. மேலே. சாய்வெட்டு வேர் பிடிக்கவும் உதவும், எது தலை எது கால் என்று மறக்காமலும் இருக்கும்.

காரணம் உ: வேர் ஊக்கி தேவைப்படும் செடி. அரளி, கற்பூரவல்லி, புதினா, இட்லிப்பூ இவையெல்லாம் சும்மா ஊன்றினாலே வரும். காகிதப்பூ, கலப்பின ரோஜா, குண்டுமல்லி இவற்றுக்கு ஐபிஏ என்னும் வேர் ஊக்கி இருந்தால் நிறையக் குச்சிகள் பிழைக்கும். கடையில் பொடியாகக் கிடைக்கும். அடி 2 செ.மீ. ஈரமாக்கி, பொடியில் தொட்டு, அதிகப்படியைத் தட்டிவிட்டு, மண்ணில் முன்பே குச்சியால் போட்ட துளையில் இறக்குங்கள். பொடியோடு நேராகக் குத்தினால் பொடி மேலேயே தங்கிவிடும். டப்பாவுக்குள் நேராக முக்காமல், தேவையானதைக் காகிதத்தில் கொட்டிப் பயன்படுத்தி, மிச்சத்தை எறிந்துவிடுங்கள்.

கரைசலாகச் செய்வதானால் 100 மில்லிகிராம் ஐபிஏவை முதலில் 10 மில்லி எரிசாராயத்தில் கரைத்து, பிறகு நீர் சேர்த்து 100 மில்லியாக்குங்கள். இது 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு). நேராகத் தண்ணீரில் போட்டால் கரையாது. நகைக்கடைத் தராசு இருந்தால் எடை துல்லியமாக வரும். பாதி முற்றிய தண்டுக்கு 1000 முதல் 2000 பிபிஎம், நன்கு முற்றியதற்கு 2000 முதல் 4000 வரை. ஐந்து முதல் பத்து நொடி முக்கினால் போதும். கூடுதலாக ஊறினால் அடி கறுத்து மொட்டும் உறங்கிவிடும்.

தேன், லவங்கப்பட்டைத் தூள், இளநீர் பற்றி நிறையப் பேச்சு உண்டு. முதல் இரண்டும் பூஞ்சையைக் கொஞ்சம் தள்ளிப்போடும், வேரைக் கொண்டுவராது. இளநீரில் மொட்டைத் தூண்டும் பொருள் உண்டு, கூடவே சர்க்கரையும் உண்டு. அதாவது, இந்த அறிகுறியையும் அடுத்த அறிகுறியையும் சேர்த்து வரவழைக்க இளநீர் நல்ல வழி.

எப்போது விட்டுவிடுவது: மா, பலா, வேம்பு குச்சிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். முதலிரண்டுக்கு ஒட்டுக்கன்று வாங்குங்கள், வேம்புக்குப் புதுவிதை போதும். கறிவேப்பிலைக்கு வேரிலிருந்து வரும் பக்கக்கன்றை வேரோடு வெட்டி எடுப்பதே எளிது.

## அறிகுறி 2: அடி கறுத்து, வழவழத்து அழுகியது

நுனி பச்சையாகவும் அடி மட்டும் கறுப்பாகவும் இருக்கிறதா? கறுப்புக்கு 3 செ.மீ. மேலே, குறுக்கு வெட்டில் பழுப்பு வளையம் தெரியாத இடம் வரை வெட்டுங்கள். மூன்று கணுவாவது மிஞ்சினால் புதிய கலவையில் மறுநடவு செய்யலாம். பழைய கலவையில் அல்ல.

காரணம் அ: தண்ணீர். பத்தில் எட்டு இதுதான். வேரில்லாத குச்சி தண்ணீர் குடிப்பதில்லை. ஊற்றியது அப்படியே நிற்கும். கலவையை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வந்தால் அளவு சரி. ஒழுகினால் மிகை. பையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் எடையே சொல்லிவிடும். கவர் மூடியிருக்கும்போது நான்கைந்து நாளுக்கு ஒருமுறை தெளித்தாலே மிகுதி.

காரணம் ஆ: துளை இல்லை அல்லது அடைந்துவிட்டது. தட்டில் நீர் தேங்கி நிற்கும் தொட்டி, மொட்டைமாடித் தரையோடு ஒட்டிக் கிடக்கும் பை. செங்கல் துண்டில் ஏற்றி வையுங்கள்.

காரணம் இ: கலவையில் சாணம். செடிக்கு நல்லது குச்சிக்கு நல்லதல்ல. மட்காத தொழுவுரம் சூடேறி வெட்டுவாயை அவிக்கும். வேர் வரும்வரை சத்தே தேவையில்லை: அலசிய ஆற்றுமணல் தனியாகவோ, மணலும் கோகோபீட்டும் (தேங்காய்நார்த் தூள்) சரிபாதியாகவோ போதும். கோகோபீட் கட்டியை ஊறவைத்து, பழுப்புச் சாயம் வெளுக்கும்வரை மூன்று நான்கு முறை பிழிந்து அலசுங்கள். உப்பும் துவர்ப்பும் போகும். எம்-சாண்ட் என்றால் அதன் கல்தூளை அலசி நீக்காவிட்டால் சிமெண்டுபோல் இறுகும். கடல்மணல் கூடவே கூடாது.

காரணம் ஈ: பால் வடியும், சதைப்பற்றுள்ள செடி. கள்ளி, டிராகன் பழம், பெருங்கள்ளி எனப்படும் ஈழத்தலரி போன்றவற்றை வெட்டிய அன்றே நடக் கூடாது. நிழலில் காயவிட்டு வெட்டுவாய் தோல் கட்டிய பிறகு நட வேண்டும்: டிராகன் பழத்துண்டுக்கு ஐந்து முதல் ஏழு நாள், ஈழத்தலரிக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம். நட்டதும் நீர் ஊற்றாமல் ஒரு வாரம் விடுங்கள். ரோஜாவுக்கும் மல்லிக்கும் இது நேர்மாறு. அவற்றை வெட்டியதும் ஈரச்சாக்கில் சுற்றி, அன்றைக்கே நட வேண்டும்.

காரணம் உ: நசுங்கிய வெட்டு. மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கும். நசுங்கிய சதை முதலில் அழுகும். புது பிளேடு சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. செடிக்குச் செடி ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

காரணம் ஊ: கலவையிலேயே பூஞ்சை. அடுத்தடுத்த பைகளில் வரிசையாகப் பரவினால் சந்தேகம் இதுதான். பாதித்த பைகளைத் தனியே எடுத்து, மற்றவற்றுக்கு காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்னும் தாமிரப் பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து மண் நனைய ஊற்றுங்கள். டிரைக்கோடெர்மா (நோய்ப்பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) போடுகிறவர்கள் தாமிர மருந்துக்கும் அதற்கும் நடுவே 15 நாளாவது இடைவெளி விடுங்கள். இல்லையேல் தாமிரம் டிரைக்கோடெர்மாவைக் கொன்றுவிடலாம். அடுத்த பருவத்துக்கான கலவையை ஈரமாக்கிப் பரப்பி, ஒளி ஊடுருவும் பாலித்தீனால் மூடி, ஏப்ரல், மே வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் விடுங்கள். குச்சி போடுகிறவனுக்கு கத்திரி வெயிலால் ஆகும் ஒரே நன்மை இது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: மிளகுக் கொடி நாற்றங்காலில் இலையில் கரும்புள்ளி, தண்டு கறுப்பு, மூன்று நான்கு நாளில் வரிசையாக வாடல் என்று கண்டால் காத்திருக்க வேண்டாம். வாடல் நோய் கொண்ட நாற்று தோட்டத்துக்குள் போனால் முதிர்ந்த கொடிகளும் போகும். மண்ணும் நாற்றுமாக வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள். நாற்றங்காலை விட்டு ஒரு நாற்றும் வெளியேறக் கூடாது.

## அறிகுறி 3: பச்சையாகவே நிற்கிறது, துளிரும் இல்லை, வேரும் இல்லை

நாள் கணக்கு முதலில். செம்பருத்திக்கு மூன்று முதல் ஐந்து வாரம், மிளகுக்கு மூன்று நான்கு வாரம், குண்டுமல்லிக்கு ஆறிலிருந்து எட்டு வாரம், காகிதப்பூவுக்கும் அவ்வளவே. அதற்குள் பச்சை குறையவில்லை என்றால் கோளாறே இல்லை. மார்கழிக் குளிரில் இன்னும் இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

தலைகீழாக நட்டீர்களா? கணுவையும் இலைத் தழும்பையும் பாருங்கள். மொட்டு இலைத்தழும்புக்கு மேல்பக்கம் இருக்கும். கீழே இருந்தால் குச்சி தலைகீழ். பிடுங்கித் திருப்பி நடுங்கள், சில பிழைக்கும்.

பிடுங்கிப் பார்த்தால் அடியில் வெள்ளைக் கட்டி மட்டும் இருக்கிறதா? அது காயம் ஆறிய தசை. வேராகாமல் தசையாகவே பெருத்துக்கொண்டிருக்கிறது. கட்டியை மெல்லச் சீவி, அடி 2 செ.மீ. நீளத்துக்கு இரண்டு பக்கமும் மேல்தோலைச் சுரண்டி, வேர் ஊக்கி தொட்டு மறுபடி நடுங்கள். மண் குளிர்ச்சியாக இருந்தால் வேர் தள்ளிப்போகும்; பையைச் சிமெண்ட் தரையில் இருந்து பலகை மேல் ஏற்றுங்கள்.

நீர் உப்பா? ஆழ்துளைக் கிணற்று நீர் பட்ட இலையின் ஓரம் மட்டும் காய்ந்தால், தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் பூத்தால், மழைநீர் பிடித்து ஊற்றிப் பாருங்கள்.

தாய்ச்செடியே கிழம். பல ஆண்டு கவாத்துக் காணாத செடியின் குச்சி சோம்பேறி. தாயைக் கவாத்து செய்துவிட்டு, இரண்டு மூன்று மாதத்தில் வரும் புதுக்கிளையிலிருந்து எடுங்கள். செலவில்லை, ஆனால் காலம் பிடிக்கும்.

## அறிகுறி 4: நுனியிலிருந்து காய்ந்துகொண்டே கீழே இறங்குகிறது

மேல்வெட்டு வழியாக ஈரம் போவதாக இருக்கலாம், அல்லது நோய் இறங்குவதாக. பிரித்தறிவது எளிது. காய்ந்த பகுதிக்கும் பச்சைக்கும் நடுவே கோடு கிழித்தது போல் கறுப்பு எல்லை இருந்து, அது வாரத்துக்கு வாரம் கீழே நகர்ந்தால் நோய். முதல் கணு வரை காய்ந்து நின்றுவிட்டால் வெறும் வறட்சி, அப்படியே விடலாம்.

முருங்கை, கிளுவை, பூவரசுப் போத்துகளின் மேல்வெட்டில் பசுஞ்சாணி உருண்டையை அப்புவது ஊர் வழக்கம். வெட்டுவாய் காயாமல் இருக்கவும் மழைநீர் உள்ளே இறங்காமல் இருக்கவும் அது போதும். ரோஜாவில் கறுப்பு இறங்கினால் பச்சைப் பகுதிக்குள் இரண்டு மூன்று செ.மீ. தள்ளி வெட்டி, காப்பர் ஆக்ஸிகுளோரைடைத் தண்ணீரில் பசைபோல் குழைத்துத் தடவுங்கள். வெட்டிய துண்டைச் செடியடியில் போட்டு வைக்காதீர்கள்.

## அறிகுறி 5: பதியன் கட்டினேன், பிரித்தால் வேரில்லை

விண்பதியன் என்பது கிளையில் பட்டையை வளையமாக உரித்து, அதை ஈரப்பாசியால் மூடி, பிளாஸ்டிக்கில் கட்டுவது. எலுமிச்சை, கொய்யா, மாதுளைக்கு அதைக் கட்ட ஆனியிலிருந்து ஆவணி வரை உகந்த காலம். 45 முதல் 60 நாளில் வேர் வர வேண்டும். வரவில்லை என்றால் பிரித்துப் பார்த்துக் கீழ்க்கண்டவாறு பிரித்தறியுங்கள்.

வளையம் மூடிக்கொண்டது. மேல்தோலும் கீழ்த்தோலும் ஒரு பச்சை நூலால் சேர்ந்துவிட்டன. பட்டையை உரித்தபின் கட்டையின் மேலிருக்கும் வழவழப்பைச் சுரண்டாமல் விட்டதே காரணம். வளையம் இரண்டு முதல் இரண்டரை செ.மீ. அகலம் இருக்க வேண்டும். கத்தியின் பின்புறத்தால் கட்டை சொரசொரப்பாகும்வரை சுரண்டுங்கள். அதே இடத்தில் மறுபடி சுரண்டிக் கட்டலாம், கிளை வீணாகாது.

பாசி காய்ந்தது. எடையில்லாமல் மொறமொறவென்று இருக்கும். ஊசிபோட்டு மருந்து ஏற்றும் சிரிஞ்சால் மேல்முடிச்சு அருகே நீர் செலுத்தி, துளையை செல்லோ டேப்பால் ஒட்டுங்கள்.

பாசி நொச நொசவென்று நாறுகிறது. மேல்முடிச்சு தளர்ந்து மழைநீர் கிளை வழியே உள்ளே இறங்கியிருக்கும். கட்டும்போதே பாசியைப் பிழிந்து ஈரம் மட்டும் மிஞ்ச வைத்துக் கட்ட வேண்டும். மேல்முடிச்சு கீழ்முடிச்சைவிட இறுக்கமாக இருக்க வேண்டும்.

எறும்பு, அணில். எறும்பு பாசியில் கூடு கட்டினால் வளரும் வேர்களுக்கு நடுவே வெற்றிடம் விழும். முடிச்சுக்குக் கீழே கிளையில் வேப்பெண்ணெய் தடவுங்கள். அணில் பாசிக்காகவே பிளாஸ்டிக்கைக் கிழிக்கும். அணில் வரும் மரத்தில் கட்டின் மேல் பழைய சாக்குத்துண்டு ஒன்றைச் சுற்றிவிடுங்கள்.

வேர் வந்தது, வெட்டி நட்டதும் செத்தது. இதுதான் வயிற்றெரிச்சல். வெள்ளை நுனி தெரிந்த அன்றே வெட்டிவிட்டீர்கள். வேர் பிளாஸ்டிக் முழுக்கப் பின்னி, பழுப்பேறி, கிளைவிட்ட பிறகே வெட்ட வேண்டும். ஒரே வெட்டில் வேண்டாம்: கட்டுக்குக் கீழே பாதி ஆழம் வெட்டி ஒரு வாரம் விட்டு, பிறகு முழுவெட்டு. இலையில் பாதியைக் கழித்து, பாசியை உதறாமல் அப்படியே பையில் நட்டு, நான்கு முதல் ஆறு வாரம் நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக்கைக் கழற்ற மறந்து அப்படியே நட்டவர்களும் உண்டு, அதையும் பாருங்கள்.

## அறிகுறி 6: ஒட்டு பிடிக்கவில்லை

மாவை வைத்தே சொல்கிறோம். கீழே வேரோடு நிற்பது வேர்ச்செடி, அதன்மேல் ஏற்றிக் கட்டுவது ஒட்டுக்குச்சி. முந்திரி, பலா, சப்போட்டாவில் கால அளவு மாறும், கோளாறுகள் மாறுவதில்லை.

பத்து நாளுக்குள் ஒட்டுக்குச்சி கறுத்தது. குச்சி காய்ந்து போயிருந்தது அல்லது வெட்டுவாய் கறைபட்டது. ஒட்டுக்குச்சி எடுக்கும் கிளையில் ஏழு முதல் பத்து நாள் முன்பே இலைக்காம்பை மட்டும் விட்டு இலைகளைக் கழித்துவிட வேண்டும். அதற்குள் நுனிமொட்டு உப்பும், இலைக்காம்பு தானாக உதிரும். அப்படி உப்பிய 10 முதல் 12 செ.மீ. குச்சியை வெட்டியவுடன் ஈரத்துணியில் சுற்றிக் கவரில் போட்டு, அன்றே கட்டுங்கள். தூரத்து ஊரிலிருந்து கூரியரில் குச்சி வரவழைப்பவர்கள் எண்ணிக்கையை இரண்டு மடங்காக வாங்கிக்கொள்வது நல்லது.

மூன்று வாரமாகியும் பச்சை, மொட்டு மட்டும் உறக்கம். பொறுங்கள். வழக்கமாக 15 முதல் 25 நாளில் துளிர்க்கும். கட்டின் மேல் கவிழ்த்த கவருக்குள் நீர்த்துளி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பாக்கெட் ஐஸ் அடைக்கும் நீளக் கவர் இதற்கு அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தும். கட்டுக்குக் கீழே வேர்ச்செடி துளிர்த்திருந்தால் அதுதான் களவாணி. பட்டாணி அளவில் இருக்கும்போதே விரலால் தேய்த்துவிடுங்கள், வாரம் தவறாமல்.

துளிர்த்து, பின் வாடி விழுந்தது. இரண்டும் சேரவே இல்லை. குச்சி தன் கையிருப்பில் துளிர்த்தது. முதல் அறிகுறியின் அதே ஏமாற்றுதான். கட்டைப் பிரித்து ஆப்பைப் (ஒட்டுக்குச்சியின் அடியில் இரண்டு பக்கமும் சீவிய கூர்முனை) பாருங்கள்.
- ஆப்பின் ஒரு முகம் பழுப்பு, மறுமுகம் வெள்ளை: ஒரு பக்கம் மட்டும் ஒட்டியது. குச்சி மெலிந்ததென்றால் நடுவில் வைக்காமல் ஓரத்துக்குத் தள்ளி, ஒரு பக்கமாவது பட்டையோடு பட்டை சேர வைக்க வேண்டும்.
- இரண்டு முகமும் பழுப்பு, நடுவே இடைவெளி: ஆப்பு தட்டையாக இல்லை. மூன்று நான்கு செ.மீ. நீள ஆப்பை ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். இரண்டு மூன்று முறை சீவினால் மேடு பள்ளம் விழும். முருங்கைக் குச்சியில் நூறு வெட்டு பழகிவிட்டு மாவில் கைவையுங்கள்.
- ஈரம், பூஞ்சை: கட்டுக்குள் நீர் போயிருக்கிறது. ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. அகலப் பாலித்தீன் பட்டையைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வது போல் ஒன்றன் மேல் ஒன்று படியச் சுற்றுங்கள். மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் நீரை ஏந்தும்.

நன்றாக வளர்ந்தது, காற்றில் ஒட்டோடு முறிந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது ஆறு மாத ஒட்டு என்ன செய்யும்? கம்பு நட்டு, ஒட்டுக்குக் கீழே ஒன்று மேலே ஒன்று என இரண்டு கட்டுப் போடுங்கள். முறிந்த வாயில் பாலித்தீன் பட்டை புதைந்திருந்தால் காரணம் காற்றல்ல. இரண்டு மூன்று மாதத்தில் அவிழ்க்க வேண்டிய பட்டை கழுத்தை நெரித்திருக்கிறது.

வாங்கிய ஒட்டுக்கன்றை நட்டேன், ஆறு மாதத்தில் ஒட்டு இடம் அழுகியது. ஒட்டு மண்ணுக்குள் போய்விட்டது. நடும்போது ஒட்டு மண்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருக்க வேண்டும். மழைக்குப் பின் மண் ஏறியிருக்கிறதா என்று பார்த்து விலக்கிவிடுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: மேலே சொன்னதெல்லாம் சரிசெய்தும் பத்துக்கு ஐந்துகூடப் பிடிக்கவில்லை என்றால், இனிக் கற்க வேண்டியது கைப்பழக்கம் மட்டுமே. கிருஷ்ணகிரி பக்கம் சந்தூர் போன்ற இடங்களில் மாங்கன்று நாற்றங்கால்கள் நெருங்கிக் கிடக்கின்றன. ஒட்டுக்கட்டும் ஆளின் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து அவர் கட்டைவிரலைப் பார்ப்பது பத்துக் காணொளிகளுக்குச் சமம். பெரிய நாட்டு மரத்தின் தலையை வெட்டி வேறு இரகம் ஏற்றும் வேலையை மட்டும் முதல் நாளிலிருந்தே அனுபவப்பட்டவரிடம் விடுங்கள், மரமே போகலாம்.

## அறிகுறி 7: வேர் நன்றாக இருந்தது, இடம் மாற்றியதும் போயிற்று

கவருக்குள் பிறந்த இலைக்கு வெளிக்காற்று தெரியாது. ஒரே நாளில் கழற்றாமல் முதல் மூன்று நாள் கவரின் ஒரு பக்கம் திறப்பு, அடுத்த மூன்று நாள் மாலையில் மட்டும் முழுத்திறப்பு, பிறகு நிழல்வலைக்கடியில் ஒரு வாரம், பிறகு காலை வெயில் என்று படியாகப் போங்கள். மொத்தம் 10 முதல் 15 நாள். மணலில் வேர்விட்ட குச்சியைப் பிடுங்கி எடுக்கக் கூடாது. நீர் ஊற்றி மணல் இளகியபின் கரண்டியால் தோண்டி எடுங்கள். தண்ணீர்ப் பாட்டிலில் வேர்விட்டவை மண்ணில் வாடுவது சகஜம். வேர் ஒரு அங்குலத்தைத் தாண்டும் முன்பே மண்ணுக்கு மாற்றி, முதல் வாரம் மண்ணைச் சற்றுக் கூடுதல் ஈரமாக வைத்துப் படிப்படியாகக் குறையுங்கள்.

## அறிகுறி 8: பிழைத்தது, வளர்ந்தது, ஆனால் செடி தாயைப் போல் இல்லை

ரோஜாவில் இலையும் முள்ளும் மாறி, பூ சின்னதாக வருகிறது. ஒட்டுக்குக் கீழிருந்து வேர்ச்செடி கிளம்பி மேலாதிக்கம் பிடித்துவிட்டது. ஏழிலை வந்தால் காட்டு ரோஜா, ஐந்திலை வந்தால் நல்லது என்ற கணக்கை நம்ப வேண்டாம். நல்ல இரகத்திலும் ஏழிலை வரும். கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். ஒட்டு முடிச்சுக்குக் கீழே என்றால் தோன்றும் இடத்திலிருந்து கையால் கிழித்தெடுங்கள். கத்தரியால் மட்டமாக வெட்டினால் ஒன்றுக்கு நான்காக வரும்.

இலை நெளிந்து, மஞ்சள் திட்டுத் திட்டாக, குட்டையாக வருகிறது. முதலில் இலையைத் திருப்பி அசுவினி, மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சில சொட்டுச் சோப்புக் கரைசல். இரண்டு தெளிப்புக்குப் பிறகும் புதுத்துளிர் அதேபோல் வந்தால் தாய்ச்செடியைப் போய்ப் பாருங்கள். அதிலும் அதே குறி தெரிந்தால் அது நச்சுயிரி (வைரஸ்), மருந்தில்லை. விதையில் வடிகட்டிப் போகும் பல நோய்கள் குச்சியிலும் கன்றிலும் அப்படியே கூடவே வரும்.

மரவள்ளியில் இது தேமல் நோய். சேலம், நாமக்கல் பக்கத்தில் கரணைக்கு (நடும் துண்டுக்கு) குச்சி ஒதுக்கும்போதே இலை உதிர்வதற்கு முன் வயலில் நடந்து, தேமல் இல்லாத செடிகளுக்கு மட்டும் கயிறு கட்டி அடையாளம் வைத்துவிட வேண்டும். இலை கொட்டிய பின் எல்லாக் குச்சியும் ஒன்றுபோலத்தான் தெரியும். நடுத்தண்டிலிருந்து 15 முதல் 20 செ.மீ., எட்டு முதல் பத்துக் கணு. வாழையில் இது முடிக்கொத்து நோய்: இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும், காம்பில் கரும்பச்சைக் கோடுகள் தெரியும். கீழ்ப்பழனி மலையில் விருப்பாச்சி வாழையைப் பெரிதும் அழித்தது இதுதான். அந்தத் தூரின் ஒரு கன்றும் நடக்கூடாது, அண்டை வீட்டுக்குக் கொடுக்கவும் கூடாது. நோயற்ற தூரிலும் ஈட்டி போல் குறுகிய இலை கொண்ட கன்றைத்தான் எடுக்க வேண்டும். சின்ன வயதிலேயே அகன்ற இலை விரிக்கும் நீர்க்கன்று பார்க்கச் செழிப்பாக இருக்கும், தாரில் ஏமாற்றும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: நச்சுயிரிச் சந்தேகம் வந்த உடனே. வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம், மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையம் இரண்டிலும் கேட்கலாம். கட்டணமில்லாத கிசான் அழைப்பு மையம் 1800 180 1551 தமிழிலும் பேசும். போகும்போது செத்த குச்சியை மட்டும் எடுத்துப் போனால் அவர்களால் ஒன்றும் சொல்ல முடியாது. பாதி நோய்ப்பட்ட செடியொன்றை வேரும் மண்ணுமாக, ஈரமில்லாத செய்தித்தாளில் சுற்றி எடுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் போய்ச் சேர்வதற்குள் அழுகி, எது நோய் எது அழுகல் என்று தெரியாது. தாய்ச்செடியின் இலை இரண்டைத் தனித்தாளில் மடித்து, எது எதனுடையது என்று எழுதி வையுங்கள். நட்ட தேதி, கலவை, ஊற்றிய மருந்தின் பெயர், அளவு இந்த நான்கும் ஒரு சீட்டில் இருக்கட்டும்.